எல்லைக் கோட்டு மேல ஒரு வீடு

இந்த இடத்துல ஒரு சின்னக் கதை சொல்லிட்டுத்தான் மேல போகணும். கேளுங்க.

அமெரிக்காவுல, நூத்தம்பது வருஷத்துக்கு முந்தி. கண்ணுக்கெட்டின தூரம் புல்வெளி. அரசாங்கம் சொல்லுச்சு: "நிலம் இலவசம். ஆனா அவனவன் நிலத்துல அவனவன் அஞ்சு வருஷம் குடியிருக்கணும்."

ஹால்வர்னு ஒருத்தர், அவர் தம்பி ஓலாவ், தம்பி பொண்டாட்டி இங்கா, ஒரு கைக்குழந்தை... வந்து சேர்ந்தாங்க. அண்ணனுக்கு ஒரு நிலம், தம்பிக்குப் பக்கத்து நிலம். வீடு கட்ட மரம்? அங்க மரமே கிடையாது! பலகை வாங்க வண்டி கட்டி நாலு நாள் போகணும். என்ன செஞ்சாங்க? எல்லைக் கோட்டு மேலயே ஒரே வீடாக் கட்டினாங்க. அண்ணன் கட்டில் அந்தப் பக்கம், தம்பி கட்டில் இந்தப் பக்கம். சட்டத்துக்கும் சரி, செலவும் பாதி. புத்திசாலிங்க... இல்லையா?

புத்தி இருந்தா சண்டை வராதா என்ன? யார் மாடு யார் புல்லைத் தின்னுச்சுன்னு ஆரம்பிச்சுது.

"வாசல் என் பக்கம். என் மண்ணை மிதிக்காம வெளிய போ பாப்போம்!"னான் தம்பி.

"அடுப்பு என் பக்கம்டா. நீ கஞ்சி காய்ச்சு பாப்போம்!"னார் அண்ணன். சொல்லிட்டு, ஜன்னல் வழியா ஏறிக் குதிச்சார்... பெரிய மனுஷன்!

கடைசியில வீட்டையே ரெண்டா அறுத்துடறதுன்னு முடிவு. பெரிய ரம்பம்... இந்தப் பிடியில அண்ணன், அந்தப் பிடியில தம்பி.

"இழுடா!"

"நீ இழு!"

சுவர் பாதி அறுபட்டுச்சு. அப்ப வடக்கேயிருந்து பனிக்காத்து கிளம்புச்சு. குழந்தையைத் தூக்கிக்கிட்டு இங்கா வெளிய வந்தா. புருஷனை விட்டுட்டு அவன் அண்ணனைக் கேட்டா.

"அத்தான், அறுத்து முடிச்சா ஆளுக்கு எத்தனை சுவர்?"

"மூணு."

"நாலாவது?"

அறுத்த இடம் வழியாப் பனிக்காத்து வீட்டுக்குள்ள புகுந்துச்சு.

"பலகை வர்ற வரைக்கும் இவளை எந்தப் பக்கம் படுக்க வைக்கட்டும்? செத்துருவா அத்தான்..."

அண்ணன் பிடியை விட்டார். தம்பிக்கு வீம்பு. தனியா இழுத்தான். ரம்பம் வளைஞ்சுதே தவிர, அறுக்கலை.

"சாக்கு இருக்காடா? அறுத்த இடத்தை அடைக்கணும்"னார் அண்ணன்.

தம்பி போய் எடுத்துக்கிட்டு வந்தான்.

அவ்வளவுதான் கதை. இப்ப உங்களைக் கேக்கறேன்... பங்காளிச் சண்டையும் அந்த ரம்பம்தானே? ரெண்டு பேர் இழுத்தாத்தான் அறுக்கும். ஒருத்தர் விட்டாப் போதும்... நின்னுடும். "நான் ஏன் முதல்ல விடணும்? விட்டா தோத்த மாதிரி ஆயிடாதா?"ன்னு மனசுக்குள்ள கேக்கறீங்க. தெரியுது.

அன்னிக்கு ராத்திரி அந்தக் குழந்தை கதகதப்பாத் தூங்குச்சு. இதுல தோத்தது யாருங்க?