பர்மாக் கத்தி

மடக்குக் கத்தியைத் துடைக்க மண்ணெண்ணெய்தான் சரி, ஃபாதர். தேங்காய் எண்ணெய் போட்டால் எறும்பு வரும், நல்லெண்ணெய் போட்டால் பிசுக்கு ஏறும். உங்களுக்கு முன்னால் இருந்த ஃபாதர் இதையெல்லாம் என்னிடம் கேட்டுத்தான் செய்வார். நீங்கள் இந்தக் கோயில் பங்குக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை; யாராவது வந்து எதையாவது சொன்னால் குழப்பம் வருவது இயற்கை. உட்காருங்கள், டீ வரட்டும்.

செலின் உங்களிடம் வந்து பேசியது எனக்குத் தெரியும். என் கூடப் பிறந்த தங்கைதான், அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோயில் முகப்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது எங்கள் அப்பாவின் கத்தியே இல்லை என்று சொல்லியிருப்பாள். பெட்டிக்கு மேலே உள்ள கல்லில் அப்பாவின் பெயர் இருக்கலாமா என்று நீங்கள் யோசிப்பதாகவும் காதில் விழுந்தது. தாராளமாக யோசியுங்கள். அதற்கு முன்னால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். இதைப் பாவசங்கீர்த்தனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதை நான் மாதம் தவறாமல் செய்கிறேன். இந்த விஷயம் அதில் ஒரு தடவைகூட வந்ததில்லை, வரவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

கரையான்சாவடியில் எங்கள் அப்பா வேதமுத்து வீடு எது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். பர்மாக்காரர் வீடு என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கொண்டுவந்து விடும். அப்பா யுத்த காலத்தில் பர்மாவுக்குப் போய் நாற்பத்தைந்தில் திரும்பியவர். அடிபட்ட வெள்ளைக்கார அதிகாரி ஒருவரை முதுகில் சுமந்து ஆற்றைக் கடந்தாராம். அந்த அதிகாரி தன் இடுப்பில் கிடந்த பட்டாளத்துக் கத்தியை அவிழ்த்து அப்பா கையில் கொடுத்தாராம். இரண்டு பக்கமும் சொரசொரப்பான கறுப்புப் பிடி, பட்டையாக ஒரு அலகு, டின் திறக்க ஒரு கொக்கி, முதுகுப்புறத்தில் கயிற்று முடிச்சை நெம்ப ஒரு இரும்பு முள். அப்பா கதை சொல்லச் சொல்ல அந்த ஆறு வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் அகலமாகிக்கொண்டே போனது. வயதானவர்கள் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

எங்கள் பங்கில் ஒரு வழக்கம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். எந்தக் கல்யாணமானாலும் கேக் வெட்ட அந்தக் கத்திதான் வரவேண்டும். பெண்ணும் மாப்பிள்ளையும் பிடியைப் பிடிக்க, அவர்கள் கைமேல் அப்பா தன் கையை வைப்பார். அதன் பிறகுதான் அலகு கேக்குக்குள் இறங்கும். பாரிவாக்கத்திலிருந்தும் வானகரத்திலிருந்தும்கூட வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். வெட்டிய பிறகு கத்தியைக் கழுவ மாட்டோம். கழுவினால் ஆசீர்வாதம் போய்விடும் என்பதால் துணியால் ஒற்றி எடுத்து அப்படியே மடக்கிவிடுவோம். எத்தனையோ கல்யாணத்து ஐசிங் அலகின் அடியில் ஏறிக் கறுத்து, கல்லாக இறுகிக் கிடந்தது. அப்பா காலமான பிறகு என் கை அந்த இடத்துக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தும் வாத்தியாருக்கு யார் ஃபாதர் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார்கள்? பர்மாக்காரர் மகனுக்குச் சொன்னார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. இதை ஏன் மறைக்க வேண்டும்?

எண்பத்தேழில் கோயிலுக்கு நூற்றாண்டு விழா வந்தது. யுத்தத்துக்குப் போன பங்கு மக்களுக்கு முகப்பில் ஒரு கல் வைப்பது, அப்பாவின் கத்தியைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது என்று முடிவாயிற்று. பெட்டிக்குள் வைப்பதற்கு முன்னால் ஒருமுறையாவது சுத்தம் செய்ய வேண்டும் என்று அப்போது இங்கே இருந்த பெரிய ஃபாதர் சொன்னார். நான் கத்தியைச் செலினின் வீட்டுக்காரர் ஜோசப்ராஜிடம் கொடுத்தேன். ஆவடியில் ஒரு ராணுவச் சாமான் கிடங்கில் அவனுக்கு ஸ்டோர் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். இரும்பு அவன் கைக்குப் பழகியது என்று நினைத்தேன். இந்தக் கதையில் நான் செய்த தவறு என்று ஏதாவது உண்டென்றால் அது இதுதான்.

மறுநாள் சாயங்காலமே சிரித்துக்கொண்டு வந்தான். எதற்கும் சிரிக்கிற சுபாவம், கள்ளங்கபடம் இல்லாதவன்.

"மச்சான், மாமா எந்த வருசம் பர்மாலர்ந்து வந்தாரு?"

"நாப்பத்தஞ்சு. ஏன் மாப்ள?"

"கத்தி அம்பத்திரண்டுல பொறந்துகீதே. தோ பாரு, பட்டாளத்து அம்புக்குறி, அதுக்குக் கீய வருசம். எங்க ஸ்டோர்ல இதே கத்தி பொட்டி பொட்டியா ஏலத்துக்குக் கெடக்குது. அல்லாத்தையும் நான்தான் எண்ணி வச்சிகீறேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அழுக்கெல்லாம் போய் அலகின் அடி பளபளத்தது. வருஷம் பளிச்சென்று தெரிந்தது. அவன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு என் முழங்கால்மேல் கை வைத்தான்.

"கல்லுல பேர் வெட்டறதுக்கு மின்னாடி ஃபாதராண்ட சொல்லிட்லாம் மச்சான். கோயில் கல்லுல பொய் ஏறக் கூடாது. மாமா யுத்தத்தப்போ இங்க கேம்ப்புலதான் சோல்ஜருங்களுக்குச் சோறாக்கிப் போட்டாருன்னு எங்க ஸ்டோர்ல ஒரு பெரியவரு சொல்றாரு. அதுல இன்னா கொறச்சல்? ஞாயித்துக்கெயம பூசை முடிஞ்சதும் நம்ம ரெண்டு பேருமா போலாம்."

வேறு யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டேன். இல்லை, செலினிடம்கூடச் சொல்லவில்லை, முதலில் உனக்குத்தான் என்றான். அந்த மரியாதையை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். வீட்டில் காபி போட்டுக் கொடுக்கச் சொன்னேன். குடித்துவிட்டு, கத்தியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

நான் யோசித்ததைச் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள். ஒரு பக்கம் இறந்துபோன மனிதர். எழுந்து வந்து ஒரு வார்த்தை பேச முடியாதவர். அவர் பெயரை வைத்துத்தான் இந்தப் பங்கில் பாதிக் குடும்பங்கள் கல்யாணம் செய்திருக்கின்றன. இன்னொரு பக்கம் உயிரோடு இருக்கிற, வாய்த்துடுக்கான ஒருவன். இரண்டு பேரில் யாருடைய பேச்சு நம்பப்பட வேண்டும் என்பது மட்டும்தான் கேள்வி. ஜோசப்ராஜின் பேச்சை இனி யாரும் நம்பாமல் இருந்தால் போதும். அதற்கு மேல் நான் எதுவும் நினைக்கவில்லை.

அவன் வேலை பார்த்த கிடங்கில் உள்ளே போகும்போது யாரும் எதையும் பார்ப்பதில்லை. வெளியே வரும்போதுதான் சோதனை. டிபன் கேரியரைத் தட்டுத் தட்டாகப் பிரித்துப் பார்ப்பார்கள். பையின் அடி அட்டையை மட்டும் தூக்குவதில்லை. நான் மறுநாள் காலையில் செலினுக்குப் பிடிக்குமே என்று நெத்திலி வாங்கிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குப் போனேன். மாப்பிள்ளை குளித்துக்கொண்டிருந்தான், செலின் மீனை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அவன் வேலைக்குக் கொண்டுபோகும் ரெக்சின் பையின் அட்டையைத் தூக்கி அப்பாவின் கத்தியைக் கீழே வைத்தேன். வைப்பதற்கு முன்னால் அதற்கு ஒரு முத்தம் கொடுத்தேன். அப்பாவின் கத்தியை அப்பாவுக்காகவே விட்டுக்கொடுக்கும் துக்கம் எனக்கு இருந்தது ஃபாதர், அழுகைகூட வந்தது.

கேட் காவலில் இருந்த வேம்புலியை டீக்கடையில் பார்த்தேன். மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏலச் சாமான் வெளியே கைமாறுவதாகக் கடைகளில் பேசிக்கொள்கிறார்கள், பைகளின் அடியையும் பார்ப்பது நல்லது என்று மட்டும் சொன்னேன். "நீயே சொல்லிகீற வாத்தியாரே, இன்னிக்கி அல்லாத்தையும் அவுத்துப் பாத்துட்றேன்" என்றான். அன்று சாயங்காலம் பார்த்தான்.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். ஜோசப்ராஜ், அது மாமனார் கத்தி, மச்சானைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தான். நான் உள்ளே நுழைந்ததும் அவன் முகத்தில் உயிர் வந்தது. மேஜைமேல் கத்தி கிடந்தது.

"மச்சான், சொல்லு மச்சான். மாமா கத்தின்னு சொல்லு."

கத்தியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். "இதில் ஐம்பத்திரண்டு என்று போட்டிருக்கிறது, சார். என் அப்பா பர்மாவிலிருந்து திரும்பியது நாற்பத்தைந்தில்" என்றேன். இரண்டு வருஷத்தையும் நிதானமாக, வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன். உங்கள் அப்பாவின் கத்தி எங்கே என்று அதிகாரி கேட்டார். சுத்தம் செய்ய மாப்பிள்ளையிடம் கொடுத்தேன், இன்னும் என் கைக்கு வரவில்லை என்றேன். நான் சொன்னதில் சரியில்லாதது அந்த ஒரு வாக்கியம்தான். அதைக்கூட மெதுவாகத்தான் சொன்னேன்.

ஜோசப்ராஜ் எழுந்து நின்றுவிட்டான். "மாமா பர்மாக்கே போகல சார், அது அல்லாம் கத. மச்சானுக்குத் தெரியும் சார்" என்று கத்தினான். அந்த அறையில் இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். செத்துப்போன பட்டாளத்துக்காரரை, அதுவும் சொந்த மாமனாரை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இப்படிப் பேசுகிறவன் எதைத்தான் செய்யமாட்டான்? ஸ்டோரில் கத்திகளின் கணக்கு சரியாகத்தான் இருந்ததாம். ஆனால் எண்ணி வைத்தவனே அவன் என்பதால் அது எடுபடவில்லை. பெரிய ஃபாதரும் பிறகு இதைக் கேள்விப்பட்டு வருத்தப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஜோசப்ராஜ் வரவில்லை, வந்திருந்தாலும் யாரும் அவன் பேச்சைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

வேலை போயிற்று. குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். செலினையும் பிள்ளைகளையும் அவனையும் நான்தான் என் வீட்டுக்குக் கூட்டிவந்து வைத்துக்கொண்டேன். எத்தனை மச்சான்மார்கள் இப்படிச் செய்வார்கள்? பின்கட்டு அறையில் தாடியோடு உட்கார்ந்திருப்பான். அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. நான் சோற்றுத் தட்டைக் கொண்டுபோய் வைத்தால் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு நாள் மட்டும், "ஒரு கல்லுக்காவா மச்சான்?" என்று கேட்டான். அவனிடம் என்ன சொல்லி விளக்குவது? சாப்பிடு மாப்ள, ஆறிப்போகுது என்றேன்.

மழைக்காலத்தில் அண்ணனூர்ப் பக்கம் தண்டவாளத்தில் கிடந்தான். தானாகப் போய் விழுந்தவனுக்குக் கல்லறையில் இடம் கொடுக்கலாமா என்று சிலர் முணுமுணுத்தார்கள். இருட்டில் தண்டவாளத்தைத் தாண்டும்போது கால் தடுக்கியிருக்கும் என்று நான்தான் பெரிய ஃபாதரிடம் எடுத்துச் சொன்னேன். என் பேச்சுக்கு மதிப்பு இருந்ததால் முறைப்படி அடக்கம் நடந்தது. செலின் அதற்காக இன்றுவரை ஒரு நன்றி சொன்னதில்லை.

கல் தயாராகிவிட்டது, அப்பாவின் கத்தி கிடங்குக்காரர்களிடமே போய்விட்டதால் பெட்டிக்குள் வைக்கக் கத்தி இல்லை. மூர் மார்க்கெட் எரிந்துபோன பிறகு பழைய சாமான் கடைக்காரர்கள் அல்லிக்குளம் பக்கம் ஒதுங்கியிருந்தார்கள். அங்கே போய்த் தேடினேன். அதே கறுப்புப் பிடி, அதே முள், வருஷம் நாற்பத்து மூன்று. ஜோசப்ராஜின் பெட்டியைக் குடையும்போது அப்பாவின் கத்தி கிடைத்துவிட்டது என்று பெரிய ஃபாதரிடம் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்பாவின் கத்தியில் பிடியின் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும், இதில் இல்லை. செலின் அதைத்தான் இத்தனை வருஷம் கழித்து உங்களிடம் சொல்லியிருக்கிறாள். உண்மைதான். ஆனால் வருஷம் சரியாக இருக்கிறதே ஃபாதர், அதைவிட என்ன வேண்டும்?

ஜோசப்ராஜ் அந்த எண்ணைக் காட்டியபோதுதான் விஷயம் எனக்குத் தெரியவந்ததா என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. விசாரணை அதிகாரி இதைக் கேட்கவில்லை. இல்லை, எனக்கு முன்பே தெரியும். அப்போது எனக்கு மீசை அரும்புகிற வயது. அப்பா என்னை பஸ்ஸில் பட்டணத்துக்குக் கூட்டிப் போனார். மூர் மார்க்கெட்டில் தரையில் விரித்திருந்த சாக்கின்மேல் அது கிடந்தது. அப்பா குனிந்து எடுத்து, திறந்து மூடிப் பார்த்து, பேரம் பேசி வாங்கினார். திரும்பி வரும்போது என் கையில் கொடுத்து, "இன்னா கண்ணு, இது நான் பர்மாலர்ந்து கொண்டாந்தது, தெரியுதா? யார் கேட்டாலும் சொல்லு" என்றார். "தெரியுது நைனா" என்றேன். அவர் சொல்லி நான் கேட்காமல் விட்ட பேச்சு எதுவும் கிடையாது, இதையும் விடவில்லை.

கல்லை எடுத்துவிடாதீர்கள். ஜோசப்ராஜைக் கொன்றது நான்தான் என்று எழுதித் தரவேண்டுமென்றால் இப்போதே எழுதித் தருகிறேன், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் என் அப்பா பொய் சொன்னார் என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படி ஒரு பொய்யை அவர் சொல்லியிருந்தால், கத்தி வாங்கும்போது பக்கத்திலேயே நின்ற எனக்குத் தெரியாமல் போயிருக்குமா, ஃபாதர்?