கசிவில்லாத அறை

நீங்கள் கொடுத்த தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான். பரவாயில்லை, குடித்துவிட்டேன். சட்டைப்பையில் இருக்கும் செல்போனை மட்டும் எடுத்துத் தள்ளி வையுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. உங்கள் நெஞ்சுக்கு நேராக இருக்கிறது. என் மனைவி எங்கே என்று நான்கு தடவை கேட்டுவிட்டீர்கள். சொல்லத்தான் போகிறேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். அரைகுறையாகக் கேட்டால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

சமையல் எரிவாயு சிலிண்டர் செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் கசிவு பார்த்தவன் நான். சிலிண்டருக்குள் காற்றை ஏற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்குவோம். ஒரு நிமிடம் கண் கொட்டாமல் பார்க்க வேண்டும். ஒரே ஒரு குமிழி வந்தாலும் ஓரங்கட்டிவிடுவேன். "ஒரு குமிழிதானே, விட்டுடுங்களேன்" என்று மேலாளர் கெஞ்சுவார். விடமாட்டேன். முதுகுக்குப் பின்னால் என்னைக் 'குமிழி' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் கசிவதற்கு என்ன இருக்கிறது? குழாய்களெல்லாம் ஒரே வாரத்தில் சரியாகிவிட்டன. அப்போதுதான் கதிர்வீச்சை அளக்கிற மீட்டர் ஒன்று வாங்கினேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நடந்தேன். பக்கத்து வீட்டு வைஃபை, எதிர்க் கட்டட மாடியிலுள்ள செல்போன் கோபுரம் என்று எல்லாமே எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் வீட்டுக்குள் குடியிருந்தன. வீடு முழுக்க ஓட்டை.

இதை என் மனைவிக்கு முக்கால் மணி நேரம் விளக்கினேன். முடிவில் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "தலை வலிக்குதுங்க" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாதிப்பு ஆரம்பித்துவிட்டது.

மீட்டர் மிக அதிகமாகக் காட்டியது சாயங்காலம் ஏழு மணிக்கு. வேறு ஊரில் இருக்கும் எங்கள் மகள் கூப்பிடுகிற நேரம் அது. அவள் நிறைமாதமாக இருக்கிறாள். அம்மாவும் பெண்ணும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். அதில் பாதி சிரிப்பு. என்னிடம் பேசும்போது என் மனைவி ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை. எனக்கு அது வலிக்கத்தான் செய்தது. ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான் மீட்டரை மட்டும்தான் பார்த்தேன்.

ஒரு நாள் போனை வைத்துவிட்டு, "பிரசவத்துக்குப் போய் மூணு மாசம் இருந்துட்டு வரேன். திங்கட்கிழமை மத்தியானம் ரயில். டிக்கெட் போட்டாச்சு" என்றாள். சமையலுக்கு ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னாள். மகள் வீட்டைச் சுற்றி நான்கு கோபுரங்கள் இருப்பதைச் சொன்னேன். "இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். அறியாமையோடு யார் வாதாட முடியும்?

எங்கள் வீட்டில் பின்பக்கமாக ஒரு சாமான் அறை உண்டு. எட்டடிக்கு ஆறடி, ஜன்னல் கிடையாது. அதைக் காலி செய்தேன். சுவர், தரை, கூரை எல்லாவற்றுக்கும் அலுமினியத் தகடு, அதன்மேல் தாமிர வலை. எல்லா இணைப்பையும் பற்றவைத்தேன். எலக்ட்ரீஷியன் வந்து எர்த் கம்பி இழுத்துக் கொடுத்தார். போகும்போது, "காத்துக்கு வழி விடுங்க சார்" என்றார். விட்டேன், உள்ளங்கை அகலத்துக்கு. மீட்டர் சரியாக அந்த இடத்தில்தான் குதித்தது. அடைத்துவிட்டேன்.

கதவில்தான் சிக்கல். கைப்பிடியின் தண்டு கதவைத் துளைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. வெளியே இருக்கும் கதிரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவரும் வேலை அது. தச்சரைக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னேன். அந்த ஓட்டையைத் தகட்டால் மூடினோம். கதவு இறுகி உட்கார வெளிப்பக்கம் இரண்டு தாழ்ப்பாள் போட்டோம்.

"உள்ளேர்ந்து எப்படி சார் திறப்பாங்க?"

"தட்டுவாங்க."

"வெளியில யாரும் இல்லேன்னா?"

"நான் இருப்பேன்."

தச்சர் நெகிழ்ந்துவிட்டார். பொண்டாட்டிக்காக இவ்வளவு மெனக்கெடுகிற மனுஷனை அவர் பார்த்ததே இல்லையாம்.

திங்கட்கிழமை காலை என் மனைவி பெட்டியெல்லாம் கட்டிவிட்டாள். பேரக்குழந்தைக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு குல்லா பின்னியிருந்தாள், அதை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கிளம்புவதற்கு முன் ஒரே ஒரு மணி நேரம் அந்த அறையில் உட்காரச் சொன்னேன்.

"ஒரு மணி நேரம்தான். அப்புறம் நீங்களே என்னை ஸ்டேஷன்ல கொண்டு விடணும்."

"கண்டிப்பா."

"மூணு தடவை தட்டுவேன். உடனே திறக்கணும்."

"சரிம்மா."

ஒரு நாற்காலி, ஒரு பாட்டில் தண்ணீர், பிஸ்கட் வைத்தேன். பாட்டரி விளக்கும் கொடுத்தேன். போனைக்கூட நான் பிடுங்கவில்லை. அப்படிப்பட்ட ஆள் இல்லை நான். கையோடு எடுத்துக்கொண்டுதான் போனாள். கதவைச் சாத்திவிட்டு அவள் எண்ணுக்குக் கூப்பிட்டேன். நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் சொன்னது. ஐயா, வேலையை விட்ட பிறகு எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததே இல்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்துத் தட்டினாள். மீட்டரைப் பார்த்தேன், வெளியே கதிர் உச்சத்தில் இருந்தது. அந்த நேரத்தில் திறந்தால் செய்ததெல்லாம் வீண். கொஞ்சம் தணியட்டும் என்று உட்கார்ந்தேன். அவளும் ஒப்பந்தப்படி தட்டவில்லை. மூன்று என்றுதானே பேச்சு? ஏழு, பதினொன்று, இருபது என்று போய்க்கொண்டே இருந்தது. மூன்று தட்டினால் திறக்கலாம். இருபதுக்கு என்ன செய்வது என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லையே.

ரயில் போய்விட்டது. கதவோரத்தில் இன்னும் துளி கசிவு இருக்கிறதோ என்று சந்தேகம். இரும்பு பீரோவை நகர்த்திக் கதவை மறைத்து வைத்தேன். தட்டுகிற சத்தமும் அதோடு பாதியாகக் குறைந்தது.

அம்மா வந்து சேரவில்லை என்று மகள் கொடுத்த புகாரின்பேரில் புதன்கிழமை உங்கள் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். வயர்லெஸ்ஸை வாசலிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னேன். மரியாதையான பிள்ளைகள், வைத்தார்கள். மனைவி எங்கே என்றார்கள். "சிக்னல் இல்லாத இடத்துல ஓய்வா இருக்காங்க" என்றேன். மலைப் பக்கம் என்று அவர்களாக எழுதிக்கொண்டார்கள். அதில் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு, "உள்ள என்ன சத்தம்?" என்றார். "ஃபிரிட்ஜ் பழசு" என்றேன். ஃபிரிட்ஜ் பழசுதான், வந்து பாருங்கள். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. போகும்போது அவர் தன் தலைவலிக்கு ஒரு யோசனை கேட்டார். தலையணைக்குப் பக்கத்தில் போனை வைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் தட்டல் கேட்கவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. ஆமாம் ஐயா, அவள் அங்கேதான் இருக்கிறாள். பீரோவுக்குப் பின்னால். இந்தாருங்கள் அந்தக் கைப்பிடி, என் சட்டைப்பையில்தான் இருந்தது. காலையில் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருப்பதாகச் சொன்னீர்களே, அதை அவளிடம் நானே சொல்கிறேன். ஏன் எல்லோரும் இப்படி ஓடுகிறார்கள்? மெதுவாகத் திறக்கச் சொல்லுங்கள், முதலில் போன்களை அணைக்கச் சொல்லுங்கள். என் மேல் சந்தேகம் இருந்தால் அவளையே கேட்டுக்கொள்ளுங்கள். தலைவலி போய்விட்டது என்றுதான் சொல்வாள். வலி இருந்தால் இரண்டு நாளாக ஒரு தடவைகூடத் தட்டாமல் இருப்பாளா?