கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்

இந்த ஸ்டேஷனில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில், பின்கால் பக்கம் ஒரு நட்டு இல்லை மேடம். சாயும்போதெல்லாம் கிறீச்சென்கிறதே, அதனால்தான். ஆறு மில்லி நட்டு. ஆயுத பூஜைக்கு முன்பு வந்து கேட்டிருந்தால் ஒரு பால்பவுடர் டப்பா நிறைய எடுத்துக் கொடுத்திருப்பேன். இப்போது என்னிடம் இல்லை. ஏன் இல்லை என்பதிலிருந்து ஆரம்பித்தால்தான் நடந்தது உங்களுக்கு விளங்கும்.

என் பெயர் சம்பந்தம். மண்ணூர்பேட்டைதான் பூர்வீகம். இந்தத் தொழிற்பேட்டை எஸ்டேட் வருவதற்கு முன்பு எங்கள் ஆட்கள் இங்கே நெல் நட்டவர்கள். நிலமெல்லாம் போய் மிஞ்சிய ஒரு துண்டில் நான் ஷெட் போட்டேன், பழைய பவர் பிரஸ் ஒன்றை வாங்கி வைத்தேன். தகட்டை அடியில் வைத்து மிதியை மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கி அடிக்கும், தகடு வளைந்து சாமானாக வரும். அவ்வளவுதான் தொழில். என் தங்கை ராணியைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை கிருபாகரன் பிறகு வந்து சேர்ந்தார். பேசத் தெரிந்தவர். பெரிய கம்பெனிகளில் ஆர்டர் பிடித்தார், இன்னும் சில மிஷின்கள் போட்டார். ஷெட் எப்போது அவர் பேருக்குப் போனது, நான் எப்போது மெயின்டனன்ஸ் பார்க்கிற ஆளாக ஆனேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. ரைட்டர் தம்பி, அதை எழுதிக்கொள்ளுங்கள். வருத்தமில்லை.

எனக்கென்று இருந்தது நட்டும் போல்ட்டும்தான். கழற்றிய எதையும் நான் எறிந்ததில்லை. ஹார்லிக்ஸ் பாட்டில், பெயின்ட் டின், கிரீஸ் வாளி, கடைசியில் இரண்டு பெரிய டிரம். நியாயமாகச் சொன்னால் அவற்றால் எனக்கு நிம்மதி இருந்ததில்லை. போல்ட் கிடைத்தால் அதற்கு நட்டு கிடைக்காது. நட்டு கிடைத்தால் அதன் மரை, உள்ளே சுற்றுகிற புரி, ஒத்துவராது. ஒரே ஒரு திருகாணிக்காக டிரம்மைச் சாக்கில் கவிழ்த்து, குப்புறக் கிடந்து தேடி, முதுகு விட்டுப்போய், கடைசியில் கடையில் புதிதாக வாங்கி மாட்டியிருப்பேன். மறுநாள் காலையில் அது தானாக வந்து காலில் இடறும். வீட்டில் என் மனைவி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். இல்லாத பொருளைத் தேடுவது வேறு, இருக்கிற பொருளைத் தேடுவது வேறு. அது தேடிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

ஒரே ஒரு தடவை எல்லாம் சரியாக நடந்தது. சென்னீர்குப்பத்தில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் மிஷின் நின்று, ஆளாளுக்குத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, அவர்களுக்கு வேண்டிய, இடது பக்கமாகத் திருகுகிற இடது மரை நட்டு என் பெயின்ட் டின்னில் இருந்தது. மாப்பிள்ளை அத்தனை பேர் முன்னாலும் என் தோளில் கைபோட்டு, "எங்க மச்சான் கைல இல்லாத சாமானே கெடையாது" என்றார். அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. அந்த மாதிரி இன்னொரு தடவை அவர் வந்து கேட்பார் என்றுதான் நான் காத்துக்கொண்டிருந்தேன். இதில் தப்பு ஏதாவது இருக்கிறதா?

இப்போது கமலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள்தான் முதல் பிரஸ்ஸை ஓட்டுகிறவள், நான் வாங்கி வைத்த அந்தப் பழைய சீமை மிஷினை. அவளுக்கு ராசியான கை. விஜயதசமி அன்று எல்லா மிஷினையும் பேருக்கு ஒரு அடி அடித்துத் தொடங்குவோமே, அந்த முதல் அடி வருஷா வருஷம் அவள் கையால்தான். வேலை முடிந்து போகும்போது தரையில் கிடக்கிற நட்டு, வாஷரெல்லாம் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டு வருவாள். "அண்ணே, இத்த வெச்சிக்கோங்க. உங்களுக்கு ஆவும்" என்பாள். என் டப்பாக்களைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஜென்மம் அவள்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் பூசணிக்காயும் வாழைக்கன்றும் பொரியும் வாங்கி வர என்னைக் கோயம்பேட்டுக்கு அனுப்பினார்கள். கூட்டம், வெயில், பேரம். திரும்பி வந்து பார்த்தால் என் டப்பாவும் டிரம்மும் இருந்த மூலை காலியாக இருக்கிறது. தரையைக் கழுவி, மஞ்சள் கோடு போட்டு, ஒரு பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். பூந்தொட்டி, மேடம்.

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே வந்தார். "இன்னா மச்சான் மொறைக்கிறீங்க? பூஜை முடிஞ்சதும் கஸ்டமர் ஆளுங்கோ பாக்க வராங்கோ. இரும்புக் கடை மாதிரி வெச்சிக்கினு இருந்தா எவன் ஆர்டர் குடுப்பான்? அல்லாத்தையும் குட்டியானை வண்டில ஏத்தி பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிட்டேன்."

"அதுல எவ்ளோ சாமான் இருந்துச்சு தெரியுமா மாப்ளே?"

"இப்பல்லாம் போன்ல சொன்னா கடைக்காரன் ஷெட்டாண்ட கொண்டாந்து குடுத்துடுறான். நீங்களும் எவ்ளோ நாளுதான் ஒழைப்பீங்க? பூஜைக்கு அப்பால ஊட்ல ரெஸ்ட் எடுங்க மச்சான்."

ரெஸ்ட். என் ஷெட்டில், என் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார். எனக்கு அப்போது கோபம் வரவில்லை. பழைய இரும்புக் கடைக்கு ஓடினேன். சைக்கிள் ரிம்மும் உடைந்த கட்டில் காலும் குவிந்த மேட்டில் என் போல்ட்டுகள் கலந்து கிடந்தன. அவற்றில் சிலதை எங்கே, எந்த மிஷினிலிருந்து கழற்றினேன் என்றுகூட எனக்குத் தெரிந்தது. கடைக்காரன் என்னைக் கிட்டே விடவில்லை.

திரும்பி வந்தபோது கமலம் தன் சாப்பாட்டுப் பையைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை என் கையில் வைத்தாள். "இத்த மட்டும்தான் ஒளிச்சு வெக்க முடிஞ்சுது அண்ணே. ஓனரு பாத்துக்கினே இருந்தாரு." உள்ளே கைப்பிடி அளவு வாஷர். அவள் கண் கலங்கியிருந்தது. நான் அதை மறக்கவில்லை. மறந்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது.

அன்று சாயங்காலம் மிஷின்களுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தோம். பூஜைக்கு முன்னால் எங்கள் பக்கத்தில் எல்லா ஷெட்டிலும் அடிப்பார்கள். பழைய பிரஸ்ஸுக்கு எப்போதும் நான்தான் அடிப்பேன். மற்றவர்கள் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மிஷினில் ஒரு கொக்கி உண்டு. மிதியை ஒரு தடவை மிதித்தால் அச்சு ஒரு தடவை இறங்கி ஏறி, மேலே நிற்க வேண்டும். அப்படி நிறுத்திப் பிடிப்பது அந்தக் கொக்கி. கொக்கியைப் பிடித்திருப்பது ஒரு அரை அங்குல போல்ட். சீமை மிஷின் என்பதால் அங்குல மரை. அந்த மரையில் அந்த நீளம் இன்றைக்கு எந்தக் கடையிலும் லேசில் கிடைக்காது. போனில் சொன்னால் கொண்டுவருகிற சங்கதியல்ல. நான் அதைக் கழற்றினேன். அந்த இடத்தில் டூல் பெட்டியில் கிடந்த பன்னிரண்டு மில்லி போல்ட் ஒன்றைப் போட்டேன். கொஞ்சம் மெலிசு என்பதால் அது அந்த ஓட்டையில் போகும். இரண்டு சுற்று சுற்றினால் பிடித்த மாதிரியே இருக்கும், ஆனால் பிடித்திருக்காது. தலையில் பச்சைப் பெயின்ட் அடித்தேன். காய்ந்த பிறகு மற்ற போல்ட்டுகளுக்கு வைத்தது போல அதற்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டேன். அசல் போல்ட்டைத் துடைத்து, எண்ணெய் தடவி, கமலம் கொடுத்த டப்பாவில் போட்டுக்கொண்டேன்.

எதற்காகச் செய்தேன் என்று கேட்கிறீர்கள். அவர் வந்து கேட்க வேண்டும், அதற்காகத்தான். கொக்கி தளரும். மாப்பிள்ளை கடை கடையாகப் போன் போடுவார், கிடைக்காது. கடைசியில் என் முன்னால் வந்து நின்று, "மச்சான், அந்த போல்ட்டு உங்ககிட்ட கீதா?" என்பார். நான் டப்பாவைத் திறப்பேன். இதற்கு மேல் ஒரு மனிதன் எதற்கு ஆசைப்பட்டுவிடப் போகிறான்?

விஜயதசமி அன்று கமலம் முதல் அடி அடித்தாள். மிஷின் ஒழுங்காக நின்றது. மறுநாளும் நின்றது. உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. ரெஸ்ட் எடுக்கச் சொன்னாலும் நான் தினமும் போய் என் மேஜையில் உட்கார்ந்தேன்.

கஸ்டமர் ஆட்கள் வருவதற்கு முதல் நாள் கமலம் என்னிடம் வந்தாள். "அண்ணே, மிஷினு ஒரு மாதிரி கீது. டொக்கு டொக்குன்னு சத்தம் வருது. கொஞ்சம் இன்னான்னு பாருங்களேன்."

என் கைக்கு எட்டுகிற தூரத்தில் டப்பா இருந்தது. ஸ்பானரும் இருந்தது. ஒரு டீ ஆறுவதற்குள் மாற்றியிருக்கலாம்.

"என்னாண்ட ஏம்மா சொல்றே? எனக்குத்தான் ரெஸ்ட்டாச்சே. ஓனராண்ட போய்ச் சொல்லு. அவர் வந்து கேக்கட்டும்" என்றேன்.

அவள் போய்ச் சொன்னாள். மாப்பிள்ளை காதில் போனோடு வந்தார். ஸ்பானர் எடுத்து அந்த போல்ட்டை அரைச் சுற்று முறுக்கினார். முறுக்கிய கையைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது, மரை வழுக்குகிறது என்று. அவருக்குத் தெரியவில்லை. "ஒண்ணும் இல்ல, லூசா இருந்துச்சு. நீ ஓட்டு" என்றார். அவர் என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் டப்பா மூடியைத் திறந்தே வைத்திருந்தேன். ஒரு வார்த்தை, மேடம். ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் டப்பாவைப் பார்த்தார். "இன்னா மச்சான், இன்னும் அந்தக் கருமத்த உடலியா?" என்று சிரித்துக்கொண்டே போனார்.

நான் மூடியைப் போட்டு மூடிவிட்டேன்.

கமலம் ஓட்டினாள். டொக்கு டொக்கு என்ற சத்தம் மெதுவாகப் பெரிதானது. எனக்கு அந்த மிஷின் என் மூச்சுச் சத்தம் மாதிரி பழக்கம். எந்த அடியில் கொக்கி விடும் என்பது தெரியாவிட்டாலும், விடத்தான் போகிறது என்பது தெரியும். அவள் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, அடித்த சாமானை எடுக்கக் கையை உள்ளே விட்டாள். அச்சு மேலே நிற்கவில்லை. இரண்டாவது தடவை இறங்கியது. முன்னால் இருந்த பாதுகாப்புக் கம்பிவலையை வேலை வேகமாக நடக்கட்டும் என்று கழற்றி வைத்தது மாப்பிள்ளை. அதற்கு அவர் பதில் சொல்லட்டும்.

வலது கை. மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். அவள் மயக்கம் தெளிந்து படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவளே என்னைச் சமாதானம் செய்தாள். "நீங்க இன்னா பண்ணுவீங்க அண்ணே? உங்க சாமான தூக்கிப் போடாம இருந்திருந்தா, அதுல ஒரு நல்ல போல்ட்டு கெடச்சிருக்கும்." பொய் சொல்ல மாட்டேன் மேடம், அதைக் கேட்டதும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அவள் ஒருத்திதான்.

தம்பி, முன்னால் ஒரு இடத்தில் "கொக்கி தளரும், மாப்பிள்ளை கடை கடையாகப் போன் போடுவார்" என்று சொன்னேன் அல்லவா? கேட்பவர்களுக்கு அது மிஷின் சும்மா நின்றுபோகும் என்பது போல இருக்கும். அப்படி யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்தக் கொக்கி தளர்ந்தால் மிஷின் நிற்காது. நிற்காமல் போவதுதான் அதன் கோளாறே. புதிதாக வருகிற ஒவ்வொரு ஆளுக்கும் நான்தான் அதைச் சொல்லிக் கொடுப்பேன். கமலத்துக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். தெரிந்துதான் செய்தேன் என்று எழுதுங்கள். தெரியாமல் செய்தான் என்று எவனாவது பரிதாபப்பட்டால் எனக்குப் பிடிக்காது.

மாப்பிள்ளையைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவரைக் காப்பாற்ற நான் வரவில்லை. ராணி வந்து என் காலில் விழுந்து அழுதாள், அதற்காகவும் வரவில்லை. அவர் உங்களிடம் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று ராணிதான் சொன்னாள். பழைய மிஷின், அந்த போல்ட் எங்கேயும் கிடைக்காது, அதனால் யாரோ வேறு போல்ட்டைப் போட்டிருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாராம். எங்கேயும் கிடைக்காதாம். அதைக் கேட்ட பிறகு என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை.

இதோ டப்பா. திறந்து பாருங்கள். வாஷருக்கு நடுவில் நீளமாக இருக்கிறதே, அதுதான். விரலால் தடவிப் பாருங்கள், ஒரு பொட்டு துரு இருக்காது. இருந்தது மேடம். கிடைக்காத சாமான் இல்லை. என் மேஜையில், மூடி திறந்து இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

உங்கள் விதிப்படி அதற்குச் சீல் வைப்பீர்கள். வையுங்கள். ஆனால் கேஸ் முடிந்ததும் தொலைத்துவிடாமல் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். அந்த மிஷினை ஆயுசுக்கும் அப்படியே போட்டு வைக்க முடியாது, என்றைக்காவது ஓட்டித்தான் ஆக வேண்டும். அன்றைக்கு மாப்பிள்ளை என்னிடம்தான் கேட்டு வருவார்.