நடந்துட்டுதான் இருக்கேன், பாய்

ஹலோ... ஆங், தாவூது பாய், சொல்லுங்க... ஆமா, ஆமா, நடந்துட்டுதான் இருக்கேன். பீஷான் பார்க்லதான்... மூச்சு வாங்குது லா, அதான் குரல் ஒரு மாதிரி... லீவு முழுக்க நல்லாத் தின்னுட்டு உக்காந்திருந்தா வாங்காதா?

...சத்தமா? என்ன சத்தம்?... ஓ, அதுவா? யாரோ கோச் விசில் ஊதுறாரு. ஸ்கூல் பிள்ளைங்க ஓடுதுங்க... இந்த சிவமணி உங்கள ஏமாத்துவானா, பாய்?

...ம்... ஐயோ, மறுபடி ஊதிருச்சு... சரி, சரி, சிரிக்காதீங்க. குக்கர்தான். பருப்பு வச்சிருக்கேன்... வீட்லதான், கைலியோட. இருங்க, அடுப்ப அணைச்சுட்டு வரேன்.

...ஹலோ. கையும் களவுமா புடிச்சிட்டீங்க... திட்டுங்க, திட்டுங்க. டாக்டர் சொன்னது ஒண்ணும் மறக்கல. சுகர் ஏறும், தெரியும்... மனசு வரல, பாய்.

...சோம்பேறித்தனம்னே வச்சுக்கங்க... என்ன ஆச்சா? டிசம்பர்ல பொண்ணு தாரணி பெர்த்லேருந்து குடும்பத்தோட வந்தா. வீடே கல்யாண வீடு மாதிரி இருந்துச்சு. நடையாவது ஒண்ணாவது! ஸ்கூல் லீவு முடிஞ்சதும் ரெண்டு பேரும் திரும்ப ஆரம்பிப்போம்னு நீங்கதானே சொன்னீங்க? ...அவங்கள ஏர்போர்ட்ல விட்டுட்டு வரேன், உங்க வீட்டுச் சாமான ஏத்திக்கிட்டு நம்ம ப்ளோக் கீழ லாரி நிக்குது... மகன் கூப்பிட்டா போகத்தான் வேணும். நான் தப்பே சொல்லல. உங்க மகன் இருக்குற பொங்கோல் நல்ல இடம்தான்... ஆமா, ஆமா, பேரப்பிள்ளைங்களோட இருக்கலாம்...

...போகாம இல்ல. போன வாரம் ஒருநாள் கிளம்பினேன். ஷூ மாட்டி, லிஃப்ட்ல ஏறி... சொன்னா சிரிப்பீங்க. கை அது பாட்டுக்கு உங்க ஏழாம் மாடி பட்டன அமுக்கிருச்சு. நீங்க ஏறுவீங்கன்னு... கதவு தொறந்துச்சு. யாரும் இல்ல. மூடிக்கிச்சு. கீழ போயும் நான் இறங்கல, பாய். அப்படியே திரும்ப மேல வந்துட்டேன்.

...பாய்? ...என்னமோ முணுமுணுக்குறீங்க? ...கேக்கல, சத்தமா சொல்லுங்க.

...என்னது? நீங்களும் நடக்கவே இல்லியா? ...நேத்து ஆத்தோரமா நடந்துக்கிட்டே பேசுறேன்னீங்களே? ...சோபாவுலேருந்தா! அடப்பாவி மனுஷா! நல்ல சோடி லா நாம!

...இல்ல, அழுவல. சளி... சரி, அழுவுறேன், போங்க. இந்த வீட்ல ஒரு வார்த்தை பேச ஆளில்ல. டிவிதான் பேசுது. எனக்கு என்ன நடக்கவா ஆசை? உங்க கூடப் பேசணும், அதுக்குத்தான் இத்தன வருஷம் நடந்தேன்.

...இப்பவா? நீங்க அங்க நடக்க, நான் இங்க நடக்கவா? ...சரி. ஷூவ மாட்டுங்க. நானும் மாட்டுறேன். போன வச்சிராதீங்க... என்ன பேசுறதா? தினமும் என்னத்தப் பேசுனோம்? ...ஒண்ணுமே இல்லல்ல? அதையே பேசுங்க.

...வெளிய வந்துட்டேன்... இல்ல, லிஃப்ட் வேணாம். உள்ள போனா லைன் கட்டாயிரும். படியில இறங்குறேன்... பதினோரு மாடிதானே, மெதுவா இறங்குனா ஆச்சு... கம்பியப் புடிச்சுக்கிட்டுதான்... ம், கேக்குது, சொல்லுங்க... மீன் வெல அங்கேயும் ஏறிருச்சா? ...அப்படியா? ...ஆமா... ஆமா...

...யாரு, மகனா? ...ஓ, பசியாறக் கூப்பிடுறாரா? ...போங்க, காக்க வைக்காதீங்க... பாய், ஒண்ணு. நாளைக்கு நீங்க கூப்பிடுறீங்களா, நான் கூப்பிடட்டுமா?

...பாய்?

...ஹலோ? ...அதுக்குள்ள வச்சுட்டாரு.