முகக்கவசத்தின் நடு மடிப்பு

முகக்கவசங்களை மடிப்புக் கலையாமல் அடுக்கி வைப்பது எனக்குப் பிடித்த வேலை. மனதுக்கு அமைதியாக இருக்கும்.

என் கணவருக்கு இரத்தப் புற்றுநோய். சிகிச்சையில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி கரைந்துபோய், இரண்டு முறை நிமோனியா வந்து பாடாய்ப் படுத்தியது. வீட்டுக்கு யாரும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு, எதிர்ப்புச் சக்தி மருந்தை மாதாமாதம் நரம்பில் ஏற்றினார் மருத்துவர்.

அந்த மாதங்களில்தான் நாங்கள் கணவன் மனைவியாக வாழ்ந்தோம். கேரம் ஆடினோம். என் நரைமுடியைத் தேடித் தேடிக் கேலி செய்தார். குறையாகச் சொல்லவில்லை, கல்யாணமான நாள்முதல் சினிமாவுக்குப் போனால்கூட எங்களுக்கு நடுவில் உட்காருபவர் என் நாத்தனார், அவருடைய அக்கா.

மருந்து நன்றாக வேலை செய்துவிட்டது.

"நெஞ்சு சுத்தமா இருக்கு. இனி சொந்தக்காரங்க வரலாம். தும்மல், இருமல் இருக்கறவங்களை மட்டும் உள்ள விடாதீங்க" என்றார் மருத்துவர்.

அவர் சொல்லை நான் மீறவில்லை. வருகிறவர்களுக்கென்று வாசலில் ஒரு பெட்டி நிறைய முகக்கவசம் வைத்தேன். ஒவ்வொன்றின் நடு மடிப்பிலும் துளி மிளகுத்தூள்.

நாத்தனார் வந்தார், மாட்டினார், வாசல் அதிரத் தும்மினார்.

"அண்ணி, சளி பிடிச்சிருக்கு போல."

"வீட்ல நல்லாத்தானேம்மா இருந்தேன்."

"இப்படித்தான் ஆரம்பிக்கும். உடம்பைப் பார்த்துக்குங்க."

வாராவாரம் வந்தார், வாராவாரம் திரும்பினார். எக்ஸ்ரே எடுத்தார். ஊசி போட்டுக்கொண்டார். கடைசியில் பூனை முடிதான் காரணம் என்று முடிவுகட்டி, பிள்ளைபோல் வளர்த்த பூனையை யாருக்கோ கொடுத்துவிட்டார். பாவமாகத்தான் இருந்தது. அந்த வாரம் மிளகைக் கொஞ்சம் குறைத்தேன்.

போன வாரம் நான் குளிக்கும்போது அழைப்பு மணி அடித்தது. தன் அக்காதான் என்று நினைத்த என் கணவர், அந்தப் பெட்டியிலிருந்தே ஒன்றை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்திருக்கிறார். வந்தது கூரியர்காரர். நான் ஓடிவந்தபோது என் கணவர் தும்மித் தும்மி, முகம் சிவந்து தரையில் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு மிளகு நினைவுக்கே வரவில்லை. மறுபடியும் நிமோனியா என்றுதான் நினைத்தேன். ஈரத்தலையோடு அவரை ஆட்டோவில் ஏற்றினேன். "மாஸ்க்கைக் கழட்டாதீங்க" என்று வழி முழுக்க அதட்டினேன். நான் முதலில் அழைத்தது நாத்தனாரைத்தான்.

"அண்ணி, உடனே வாங்க. எனக்குப் பயமா இருக்கு."

ஜோடி மாறிய செருப்போடு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். தன் கைக்குட்டையால் என் தலையைத் துவட்டினார். "அழாதேம்மா. அவன் என் தம்பி, லேசுல போகமாட்டான்."

மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், ஒன்றும் இல்லை. முகக்கவசத்தைக் கழற்றி முகர்ந்தார். அவரும் தும்மினார்.

"யாருங்க இதுல மிளகு போட்டது?"

"நான்தான்" என்றேன்.

நாத்தனாரின் கை என் தலையிலேயே நின்றது. "அடிப்பாவி, என் பூனையைக் கொடுத்துட்டேனே."

நான் திருந்திவிட்டேன். இப்போது நாத்தனார் தினமும் வருகிறார், முகக்கவசத்தைத் தன் வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார். நான் எதிரே உட்கார்ந்து அவர் தொண்டையையே கவனித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று லேசாகச் செருமினார். நாளைக்குள் அது இருமலாகிவிட வேண்டுமென்று மனதார வேண்டிக்கொண்டேன், எல்லாம் என் கணவரின் உடல்நலத்துக்காகத்தான்.