பழப்புளி பட்ட பதக்கம்

தலைமைக் கதிரையை அணிசெய்து, நான் வாய் திறக்குமுன்பே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் பெருந்தகை சீவரத்தினம் அவர்களே, முன்வரிசையில் முழுமதியாய் வீற்றிருக்கும் முதியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவைக்கு அழகு சேர்க்க வந்த அன்னையரே, மயிலிட்டியை விட்டு வந்து இரண்டு ஆண்டாய் மருதனார்மடத்தில் எம்மோடு வாழும் உறவுகளே, உங்கள் எல்லோருக்கும் என் தலை தாழ்ந்த வணக்கம்.

விடுதலைப் பதக்கங்களைச் சேர்ப்பவன் நான். எந்த நாடு தன் போராட்டத்தை நினைந்து பதக்கம் வார்த்தாலும் அதைத் தேடி அலைவேன். "உங்கடை நெஞ்சிலை குத்த ஒண்டும் இல்லை, ஆரின்ரையோ பதக்கத்தைப் பொறுக்கித் திரியிறியள்" என்பார் என் மனைவி பத்மாவதி. பின்வரிசை வாங்கில் இருந்து சிரிப்பவரே, உங்கள் வீட்டிலும் இதே வாழ்த்துரைதானா?

இந்த வாசிகசாலையில் இன்று திறக்கும் கண்காட்சியில் ஒரு பதக்கம் மட்டும் என்னுடையதல்ல. மயிலிட்டி லூர்த்தம்மா நம்பித் தந்த இரவல். அவருடைய தகப்பன் கிறகோரி, இளமையில் மலாயாவில் இந்திய விடுதலைக்காக அணிவகுத்தவர். அதன் நினைவாய்க் கிடைத்த பதக்கம் அது. ஊர் திரும்பியபின் துறைமுகத்துப் படகுகளுக்கெல்லாம் பெயர் எழுதினார். மிஞ்சிய நீலப் பெயின்ற்றால் பதக்கத்தின் முதுகில் தன் பெயரையும் எழுதிவைத்தார். இன்று அவர் எங்கே? அவர் பெயரிட்ட படகுகள் எங்கே? அவர் மண்ணுக்குள்; படகுகள் இராணுவம் பிடித்த, நாம் மிதிக்க முடியாத கரையில். அவர் கையெழுத்தாய் மகளிடம் மிஞ்சியவை அந்த நான்கு எழுத்துகள்.

நேற்று நம் செயலாளர் தம்பிஐயா, பதக்கங்கள் கறுத்துக் கிடக்கக் கண்டு கலங்கினார். திருவிழாவுக்குத் திருவிழா குத்துவிளக்கு மினுக்கிய கை சும்மா இருக்குமா? பழப்புளி எடுத்தார், சாம்பல் எடுத்தார், தும்பு எடுத்தார். முகத்தைத் தேய்த்தார், முதுகையும் தேய்த்தார்.

இன்று காலை லூர்த்தம்மா வந்து புரட்டிப் பார்த்தார்.

"அண்ணை, இது என்ரை இல்லை."

"உங்கடைதான் தங்கச்சி. மினுக்கியிருக்கிறன்."

"பின்னாலை இருந்த எழுத்து?"

"அந்த நீல ஊத்தையோ? அது லேசிலை போகேல்லை."

சொல்லி முடித்த பிறகுதான் லூர்த்தம்மாவின் முகம் மாறியிருப்பது தம்பிஐயாவுக்குத் தெரிந்தது. "பெயின்ற் தேடி எடுத்து, அப்பிடியே எழுதித் தாறன் தங்கச்சி" என்றார்.

"நீங்கள் எழுதினால் அது உங்கடை எழுத்து, அண்ணை."

அவையோரே, இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் எத்தனை தலைவர்களின் முகம், எத்தனை கொடி, எத்தனை உடைந்த விலங்கு! அணிவகுத்து நடந்தவனின் பெயர் எதில் உண்டு? ஒன்றில் இருந்தது. அதுவும் அவனே எழுதிக்கொண்டதால் இருந்தது. அதையும் அழுக்கென்று எண்ணித் தேய்த்தோம். பளபளக்கிறதென்று பெருமையும் பட்டோம்.

பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்க நீட்டினேன். லூர்த்தம்மா வாங்கவில்லை.

"இஞ்சையே கிடக்கட்டும். பின்பக்கம் தெரியிறமாதிரி வையுங்கோ."

அப்படியே வைத்திருக்கிறோம். போய்ப் பாருங்கள். அங்கே படிக்க எதுவும் இல்லை. ஆனாலும் அதன் முன் சற்று நில்லுங்கள். இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. வணக்கம்.