வேலாத்தாள் நிட்ஸ் டாட் காம்

சுப்பையன்: போயிருச்சுன்னா... எங்க போயிருச்சு தௌபிக்கு? அது எங்க பனியன் கம்பெனிப் பேரு. கேட்டுல போர்டு இருக்குது, கரண்டு பில்லுல இருக்குது...

தௌபிக்: கேட்டுல இருக்கறது உங்களுதுதானுங்க மொதலாளி. கடைசியில டாட் காம் போட்டது வேற ஆளுது. யாரு முந்திப் பதியறாங்களோ அவிங்களுக்குத்தான்.

சுப்பையன்: உன்ற நெட் சென்டருக்கு வந்து போன மாசமே சொன்னனா இல்லியா?

தௌபிக்: சொன்னீங்க. அப்பவே பதிஞ்சரலாம்னேன். நீங்கதான் பூண்டிக் கோயில்ல பூக் கேக்கோணும்னீங்க.

சுப்பையன்: கேட்டேன். வெள்ளைப் பூ வந்துச்சு, சாமி சரின்னுருச்சு.

தௌபிக்: அன்னிக்கே வந்திருக்கலாமில்லீங்க?

சுப்பையன்: தேய்பிறையிலயா? ஒரு தையல் மிசின் வாங்கறதுன்னாலும் வளர்பிறை பாக்கறவன் நான்.

தௌபிக்: கம்ப்யூட்டருக்கு அமாவாசை கிடையாதுங்க. நீங்க நாள் பாத்துக்கிட்டிருந்தீங்க, ஒரு பார்ட்டி வந்து வாங்கிட்டாங்க.

சுப்பையன்: உங்கிட்டத்தானே வாங்குனாங்க?

தௌபிக்: இருங்க, ஏதோ மெயில் வந்திருக்குது...

சுப்பையன்: மானிட்டரைப் பாக்காத. என்னையப் பாரு.

தௌபிக்: எங்கிட்டத்தானுங்க. கேட்டாங்க, பதிஞ்சு குடுத்தேன். யாருன்னு மட்டும் கேக்காதீங்க. பேரம் முடியற வரைக்கும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கறேன்.

சுப்பையன்: திங்கக்கிழமை டென்மார்க் பையர் ஆர்டர் குடுக்க வர்றான். விசிட்டிங் கார்டு, சாம்பிள் டேக்கு, எல்லாத்துலயும் இந்தப் பேரை அடிச்சாச்சு. அவன் கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்து ஒண்ணும் வல்லீன்னா, அடுத்த கம்பெனிக்குக் காரைத் திருப்பிருவான்.

தௌபிக்: பார்ட்டி கெட்டவங்க இல்லீங்க. காசே வேண்டாங்கறாங்க.

சுப்பையன்: அதான் பயமா இருக்குது. வேற என்ன வேணுமாம்?

தௌபிக்: உங்க ஆபீஸ்ல ஒரு மேசை, நாற்காலி.

சுப்பையன்: என்ற ஆபீஸ்லயா?

தௌபிக்: ஏசி ரூமுக்குள்ள.

சுப்பையன்: அதுல நானும் எங்கண்ணனும்தான் உக்காருவோம். கட்டிங் பக்கம் ஃபேன் போட்டுத் தர்றேன்னு சொல்லு.

தௌபிக்: ஃபேன்ல ஆரம்பிப்பீங்கன்னு பார்ட்டி சொன்னாங்க. ஒத்துக்காதங்கறாங்க.

சுப்பையன்: சரி, ஏசி. சன்னலோரம் கிடையாது. அப்பறம்?

தௌபிக்: வர்ற மெயிலுக்கெல்லாம் அவிங்கதான் பதில் போடுவாங்களாம். போன தடவை நீங்க ஒரு மெயில் போட்டு, ஜெர்மன்காரன் அதுக்கப்பறம் எழுதவே இல்லியாமே...

சுப்பையன்: அது எப்படி பார்ட்டிக்குத் தெரியும்?

தௌபிக்: ...ஊருக்குள்ள பேசிக்கறாங்க.

சுப்பையன்: ஓகோ. சரி, மெயிலும் போகட்டும். இன்னும் இருக்குதா?

தௌபிக்: பேரு பார்ட்டி கையிலயே இருக்கும். வருசா வருசம் புதுப்பிக்கோணுமில்லீங்க, உங்ககிட்ட வுட்டா மறந்துருவீங்களாம். போன் பில்லு கட்ட மறந்து ஊட்டு லைனையே கட் பண்ணிப்போட்டாங்களாமே.

சுப்பையன்: இதுவும் ஊருக்குள்ள பேசிக்கறாங்களா?

தௌபிக்: டீ சொல்லட்டுங்களா?

சுப்பையன்: சொல்லு, சக்கரை கம்மியா. பேரை அவிங்களே வெச்சுக்கட்டும். பாஸ்வேர்டு எனக்கும் தெரியோணும்.

தௌபிக்: டீ வந்துருச்சு, குடிங்க. போன்ல கேட்டுடறேன்... அலோ... ஆமாங்க, எதுத்தாப்பலதான் இருக்கறாரு... இல்லீங்க, கத்தலீங்க, டீ குடிக்கறாரு... பாஸ்வேர்டு கேக்கறாரு... சரிங்க, சரிங்க... தருவாங்களாம் மொதலாளி. மாத்தறதா இருந்தா அவிங்களைக் கேட்டுத்தான் மாத்தோணுமாம்.

சுப்பையன்: ஆகட்டும். ஆனா எங்கண்ணன் ஒத்துக்கோணுமே. கம்பெனியில அவரு வெச்சதுதான் சட்டம். ஊட்டுப் பொம்பளைங்களையே கேட்டைத் தாண்ட வுடாத மனுசன், யாரோ ஒரு பார்ட்டிய ஏசி ரூமுக்குள்ள வுடுவாரா?

தௌபிக்: கேட்டுத்தான் பாருங்களேன்.

சுப்பையன்: அலோ... அண்ணா, சைட்டுப் பேரு கைய வுட்டுப் போயிருச்சுங்ணா... ஆமாங்ணா, எந்தப்புத்தான்... காசு கேக்கலீங்ணா, ஆபீஸ்ல ஒரு மேசை கேக்கறாங்க... யாருன்னு சொல்ல மாட்டீங்கறாங்க... திங்கக்கிழமை பையரை என்ன பண்றதுங்ணா?... அப்ப யாரா இருந்தாலும் சரிதானுங்ளா?... அப்பறம் பேச்சு மாறக் கூடாதுங்ணா... சரிங்ணா, வெச்சர்றேன்.

தௌபிக்: என்னங்க சொன்னாரு?

சுப்பையன்: பேயே வந்து உக்காந்தாலும் பரவால்ல, பேரு வந்தாப் போதும்னாரு.

தௌபிக்: அப்ப பேரம் முடிஞ்சுதுங்க?

சுப்பையன்: முடிஞ்சுது.

தௌபிக்: இனிச் சொல்லிக்கலாம்... கோவிச்சுக்காதீங்க மொதலாளி. பார்ட்டி வேற யாருமில்லீங்க. உங்கூட்டுக்காரம்மாதான். சித்ராதேவி அக்கா.

சுப்பையன்: தெரியும் தௌபிக்கு. அவளும் கம்பெனிக்கு வர்றேன்னு கல்யாணமான நாள்ல இருந்து கேக்கறா, நான் போய்க் கேட்டா எங்கண்ணன் வுடுவாரா? அதான், வளர்பிறை வரைக்கும் பேரு சும்மா கிடக்குது, யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாமாம்னு சாப்புடறப்பெல்லாம் அவ காதுல போட்டுக்கிட்டே இருந்தேன்... நீ எதையும் உளறீராத, நானா வுட்டுக் குடுத்தேன்னு தெரிஞ்சா அந்த மேசையில உக்காரவே மாட்டா.